பெங்களூர்ச் சபையும் மலையோரக் கிராமமும்: கூட்டுப்பணி தொடங்க ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூர் தமிழ்க் கிறிஸ்தவச் சபைகளில் நல்ல மனசுக்குப் பஞ்சமில்லை. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஆயிரக்கணக்கில் எடுப்பவர்கள் உண்டு. "இந்தப் பணத்தில் ஒரு பங்கை ஏழைக் கிராமத்துக்குக் கொடுக்கலாமே" என்று யாராவது சொல்வார், கமிட்டி தலையாட்டும். அடுத்த மாதம் பழைய துணியும் பிஸ்கட்டும் நோட்டுப் புத்தகமும் ஏற்றிய வேன் ஓசூர் ரோட்டில் கிளம்பும். இருட்டுவதற்குள் திரும்பிவிடும். அன்று ராத்திரி வாட்ஸ்அப் குழுவில் படங்கள் வந்து குவியும். கிராமம் நேற்று இருந்த மாதிரியே இருக்கும்.

அதைத் தாண்டி ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கும் சபைகளுக்காக இதை எழுதுகிறேன். ஒரு சபை, ஒரு பகுதி, குறைந்தது ஐந்து வருடம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். என் கட்சியையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: பணம் கடைசியில் வர வேண்டிய விஷயம். முதல் வருடம் பஸ் கட்டணம் தவிர வேறு செலவே இல்லாமல் போனால் ரொம்ப நல்லது.

உதாரணத்துக்குக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கத்து மலையோரத்தை எடுத்துக்கொள்கிறேன். காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்ச் சேரலாம். மானாவாரி நிலம், ராகி, கொள்ளு, புளி, காட்டோரத்தில் யானை. தமிழோடு கன்னடமும் தெலுங்கும் புழங்கும் பகுதி என்பதால், அல்சூரிலும் லிங்கராஜபுரத்திலும் வளர்ந்த நம் பிள்ளைகளின் கலவைப் பேச்சு அங்கே ஒரு குறையே இல்லை, சொத்து. நீங்கள் வேறு பகுதியைத் தேர்ந்தாலும் வழிமுறை பெரிதாக மாறாது.

முன்னோடி யார் என்று வெளிநாட்டில் தேட வேண்டாம். திருநெல்வேலித் தமிழர்கள் 1903-லேயே தங்கள் சொந்தக் காணிக்கையில் ஒரு மிஷனரி சங்கம் தொடங்கி, தெலுங்கு நாட்டு தோர்ணக்கல் பகுதிக்கு ஆள் அனுப்பினார்கள். அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான வேதநாயகம் அசரியா 1910-ல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் மேலைநாட்டு மிஷனரிகளின் முகத்துக்கு நேரே ஒன்றைக் கேட்டார்: பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கள். இன்று நகரத்துச் சபை இருப்பது அன்றைய மிஷனரி உட்கார்ந்திருந்த நாற்காலியில். கிராமம் வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் கேள்வி அதேதான்.

முதல் படி: ஆயரை நம்பித் தொடங்காதீர்கள்

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆயரின் ஆசீர்வாதம் வேண்டும், பொறுப்பு அவர் தலையில் இருக்கக் கூடாது. ஆயர்கள் மாற்றலாகிப் போவார்கள். கமிட்டித் தேர்தல் வந்தால் பழைய அணியின் திட்டத்தைப் புது அணி தொடாது. இது எல்லாச் சபையிலும் நடப்பதுதான். எனவே கமிட்டித் தீர்மானத்தோடு நிறுத்தாமல் சபையின் பொதுக்கூட்டத்தில் வைத்து, ஐந்து வருடத்துக்கு என்று எழுதித் தீர்மானம் போட்டுவிடுங்கள்.

குழுவில் ஐந்து முதல் ஏழு பேர் போதும். கணக்கு எழுதத் தெரிந்த ஒருவர், நர்ஸ் அல்லது ஆசிரியை ஒருவர், பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து இருவர், வாலிபர் ஐக்கியத்திலிருந்து ஒருவர். கூடவே, கிராமத்தில் பிறந்து வளர்ந்து, வறட்சி என்றால் என்ன என்று தெரிந்த ஒருவர் கட்டாயம் வேண்டும். பெரும்பாலும் அவர் கூட்டத்தில் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். தேடிப் பிடியுங்கள்.

இரண்டாம் படி: கிராமத்தை நகரத்திலேயே சந்தியுங்கள்

அந்தப் பக்கத்து ஆட்கள் ஏற்கெனவே பெங்களூரில்தான் இருக்கிறார்கள். கட்டட வேலை, கார்மென்ட்ஸ், மார்க்கெட்டில் மூட்டை தூக்குவது என்று தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். உங்கள் சபைக்குப் பக்கத்தில் எழும்பும் அடுக்குமாடியின் தகரக் கொட்டகையில் போய் விசாரியுங்கள். எந்த ஊர், எந்த மாதத்தில் வருகிறார்கள், எப்போது திரும்புகிறார்கள், பிள்ளைகளை யாரிடம் விட்டுவிட்டு வந்தார்கள். இந்தப் பேச்சில் கிடைக்கும் விவரம் எந்த அறிக்கையிலும் கிடைக்காது.

இங்கேயே செய்யக்கூடிய வேலையும் இருக்கிறது. கர்நாடகக் கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் 18 முதல் 60 வயதுக்குள் இருப்பவர், முந்தைய 12 மாதத்தில் 90 நாள் கட்டட வேலை செய்திருந்தால் பதிவு செய்யலாம். படிவம் நிரப்பத் தெரியாமலும், வேலைச் சான்று யாரிடம் வாங்குவது என்று புரியாமலும் பலர் விட்டுவிடுகிறார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்தபின் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, லேப்டாப்போடு ஒரு வாலிபர். செலவு டீக்கு மட்டும்.

இப்படி நாலைந்து குடும்பம் பழக்கமான பின் அவர்கள் ஊருக்கு அவர்கள் கூடவே போங்கள். அங்கே சிறிய சபை இருந்தால் அதன் ஆயரையும், அது எந்தப் பேராயத்தின் கீழ் வருகிறதோ அந்த அலுவலகத்தையும் முன்கூட்டியே கடிதம் மூலம் கலந்துகொள்ளுங்கள். மாநில எல்லையைத் தாண்டிப் போகிறோம் என்பதை மறக்கக் கூடாது. இன்னொருவர் வீட்டு வாசலில் கேட்காமல் கோலம் போட்டால் வருத்தம் வரத்தான் செய்யும்.

மூன்றாம் படி: ஒரு வருடம் காது மட்டும் போதும்

ஒரு தடவைக்கு நான்கு பேருக்கு மேல் போகாதீர்கள். நாற்பது பேர் இறங்கினால் அது திருவிழா ஆகிவிடும், யாரும் உண்மை பேச மாட்டார்கள். கையில் பொட்டலம் எதுவும் வேண்டாம். அவர்கள் போடும் களியையும் கீரைக் குழம்பையும் சாப்பிடுங்கள்.

கிராமத்தைப் புரிந்துகொள்ள நல்ல வழி, தரையில் வரைபடம் போடச் சொல்வது. பங்கேற்பு முறை மதிப்பீடு என்று பயிற்சிகளில் சொல்லித் தருவது இதைத்தான். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மைராடா போன்ற அமைப்புகள் பல வருடமாகச் செய்துவருகின்றன. கோலமாவு, செங்கல் துண்டு, புளியங்கொட்டை போதும். வீடுகள், கிணறு, அடிகுழாய், ரேஷன் கடை, பஸ் நிற்கும் இடம் எல்லாவற்றையும் ஊராரே வரையட்டும். மாவு யார் கையில் இருக்கிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் ஒரு பெரியவர் வாங்கிக்கொண்டு தன் தெருவை விரிவாகப் போடுவார். தலித் மக்கள் வாழும் காலனி ஒரு ஓரத்தில் நாலு புள்ளியாக முடிந்துவிடும். அங்கேயே திருத்தப் போகாதீர்கள். இன்னொரு நாள் காலனியில் தனியாக உட்கார்ந்து அதே படத்தைப் போடச் சொல்லுங்கள். பெண்களிடம் தனியாக, வேலை முடிந்து அவர்கள் உட்காரும் நேரத்தில். மூன்று படமும் மூன்று ஊர் மாதிரி இருக்கும். கூட்டுப்பணி என்று எதைச் செய்தாலும் அது இந்த மூன்று படத்துக்கும் நடுவேதான் நடக்கப்போகிறது.

அடுத்து மாதக் கணக்கு. எந்த மாதத்தில் கையில் காசு, எந்த மாதத்தில் கடன், எப்போது வேலை தேடி வெளியூர், எப்போது காய்ச்சல் அதிகம் என்று பன்னிரண்டு கட்டம் போட்டுக் கொட்டைகளை வைக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் பள்ளியிலிருந்து நிற்கும் மாதமும் குடும்பம் வெளியூர் போகும் மாதமும் ஒன்றாக இருந்தால், பிரச்சினை நோட்டுப் புத்தகத்தில் இல்லை என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஓரமாக உட்கார்ந்து கேட்கலாமா என்று ஊராட்சிச் செயலரிடம் முன்பே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்தக் கோரிக்கை வருடக்கணக்காகத் திரும்பத் திரும்ப வருகிறது என்பது அங்கே தெரிந்துவிடும்.

நான்காம் படி: ஏற்கெனவே இருப்பதைக் கணக்கெடுங்கள்

சபைகள் அடிக்கடி அரசாங்கம் செய்ய வேண்டியதைத் தாங்களே செய்து களைத்துப்போகின்றன. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம். ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024-லிருந்து. முதல் பட்டதாரி சான்றிதழ் இருந்தால் தொழிற்படிப்பில் கட்டணச் சலுகை. சாதிச் சான்றிதழ் இல்லாமல் நிற்கும் பழங்குடிப் பிள்ளைக்கு உங்கள் உதவித்தொகையைவிட அந்தச் சான்றிதழ்தான் பெரிது. இ-சேவை மையத்துக்குப் போக ஒரு நாள் கூலி போகும். பெயர் ஆதாரில் ஒரு மாதிரியும் பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரியும் இருக்கும். அதைச் சரிசெய்ய அலைவதற்கு ஆள் வேண்டும். அந்த ஆளாக இருங்கள்.

மருத்துவ முகாமும் அப்படித்தான். ஒரு நாள் முகாமில் பிரஷர் பார்த்துப் பத்து நாள் மாத்திரை கொடுத்துவிட்டு வந்தால், பதினோராம் நாள் என்ன செய்வார்கள்? 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கப்பட்டதே இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். அதன்படி பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வர வேண்டும். உங்கள் முகாம் ஆரம்ப சுகாதார நிலையத்தோடு சேர்ந்து நடந்து, கண்டுபிடித்த பெயர்கள் அந்தத் திட்டத்தின் பட்டியலில் ஏறினால் அது முகாம். இல்லாவிட்டால் சுற்றுலா.

ஐந்தாம் படி: ஒரே ஒரு வேலையில் தொடங்குங்கள்

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது போர்வெல். பெயர்ப்பலகை வைக்க வசதியானது வேறு. இந்தப் பகுதியில் அதுவே ஆபத்தாகலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு அதிகம். ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய தண்ணீரை வருடக்கணக்காகக் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை, பிறகு மூட்டு விறைப்பு, முதுகு வளைவு. எட்டு வயதுக்குள் குடித்த தண்ணீர்தான் பின்னால் முளைக்கும் பற்களில் தெரியும். எனவே பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரிக்கும்போது பாருங்கள், பாதி விடை கிடைத்துவிடும். காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்று நம் ஆட்களே சொல்வார்கள். ஆகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையும், ஃப்ளோரைடு அப்படியே நிற்கும், அடர்த்திதான் கூடும்.

எனவே முதலில் மாதிரி எடுத்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். அடுத்த கேள்வி, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்க் குழாய் அந்தக் குக்கிராமத்துக்கு வருகிறதா? ஜப்பானியக் கடனில் கட்டி 2013-ல் இயக்கி வைக்கப்பட்ட அந்தத் திட்டத்தின் நோக்கமே ஃப்ளோரைடு இல்லாத காவிரி நீரைக் கொண்டுவருவதுதான். குழாய் இருந்து கடைசித் தெருவுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால், உங்கள் வேலை துளை போடுவதில்லை, மனு எழுதுவது. குழாயே வராத இடமென்றால் மழைநீரைப் பாருங்கள். 100 சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் 100 லிட்டர். வருடத்துக்கு 800 மில்லிமீட்டர் மழை, அதில் ஐந்தில் ஒரு பங்கு வீண் என்று வைத்தாலும் 64,000 லிட்டர். ஒரு பள்ளியின் குடிநீருக்கும் சமையலுக்கும் அது பெரிய தொகை. ஆர்ஓ இயந்திரம் ஃப்ளோரைடை எடுக்கும்தான். ஆனால் வடிகட்டியை யார் மாற்றுவது, கரண்ட் பில் யார் கட்டுவது, கழிவுநீர் எங்கே போகும் என்று மூன்றுக்கும் ஊராரிடமிருந்து பதில் வந்த பிறகுதான் வாங்க வேண்டும்.

மாலை வகுப்பு சின்ன வேலை, ஆனால் நின்று பலன் தரும். அந்த ஊரிலேயே படித்த பெண் ஒருவரை மாதச் சம்பளத்துக்கு அமர்த்துங்கள், வாரக் கடைசியில் பெங்களூரிலிருந்து போய்ப் பாடம் எடுக்கும் ஆசை வேண்டாம். வகுப்பு எங்கே நடக்கிறது என்பதுதான் கஷ்டமான முடிவு. ஊருக்குள் வைத்தால் காலனிப் பிள்ளைகள் தயங்குவார்கள், காலனியில் வைத்தால் ஊர்ப் பிள்ளைகளை வீட்டில் விட மாட்டார்கள். பள்ளிக்கூடத் திண்ணை பொது இடம், தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் காலனியிலேயே வையுங்கள். வேறு வழி இருப்பவர்களைவிட, வேறு வழியே இல்லாதவர்கள் முக்கியம்.

மகளிர் குழு தொடங்கப் போகிறோம் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிறுத்துங்கள். தமிழ்நாட்டில் சுய உதவிக் குழு இயக்கம் 1989-ல் தொடங்கியதே அன்றைய தர்மபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி அதிலிருந்து 2004-ல் பிரிந்தது. அங்கே குழுக்களுக்கும் பஞ்சமில்லை, வாரக் கடன் கம்பெனிகளுக்கும் பஞ்சமில்லை. குறைவது சந்தை. அதை உங்களால் கொடுக்க முடியும். புளி சீசனில் கொட்டை எடுத்த புளியை ஒரு குழு நேராகச் சபைக்குக் கொண்டுவரட்டும். இருநூறு குடும்பம் ஒரு வருடத்துப் புளியை வாங்கினால் அதுவே கணிசமான வியாபாரம். விலையை அவர்கள் சொல்லட்டும், பேரம் வேண்டாம். அதே சமயம் தூசி, ஈரம், எடைக் குறைவு இருந்தால் கடைக்காரரிடம் சொல்வது போலவே நேராகச் சொல்லிவிடுங்கள். இரக்கப்பட்டு வாங்கும் புளி ஒரு வருடம்தான் விற்கும். ராகி, கொள்ளு இரண்டையும் அடுத்த வருடம் சேர்த்துக்கொள்ளலாம்.

குழந்தைகள் இல்லம் மட்டும் தொடங்கவே வேண்டாம். 2015-ஆம் வருடத்து இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவில்லாமல் நடத்துவது தண்டனைக்குரிய குற்றம். அதைவிட, அப்பா அம்மா இருக்கும் பிள்ளையை வறுமைக்காக வீட்டிலிருந்து பிரிப்பது எந்தக் கணக்கிலும் வளர்ச்சி ஆகாது.

ஆறாம் படி: எழுதிக்கொள்ளுங்கள்

இரண்டு பக்க ஒப்பந்தம் போதும், தமிழில். சபை என்ன தரும், ஊர் என்ன தரும், பணத்துக்கு யார் யார் கையெழுத்து, வாங்கும் பொருள் யார் பெயரில் இருக்கும், சண்டை வந்தால் யார் முன் பேசுவது, எந்த வருடம் முடியும். உள்ளூர்க் குழுவில் பாதிக்குப் பாதி பெண்கள், காலனியிலிருந்து கட்டாயம் ஆட்கள். ஊரின் பங்கு உழைப்பாகவோ கல் மண்ணாகவோ சிறு தொகையாகவோ எழுத்தில் இருக்கட்டும். வங்கிக் கணக்கு இரண்டு கையெழுத்தில் இயங்கட்டும், அதில் ஒன்று உள்ளூர்ப் பெண்ணுடையது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரவு செலவைப் பள்ளிச் சுவரில் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். அதே கணக்கு பெங்களூர்ச் சபையின் அறிவிப்புப் பலகையிலும் வர வேண்டும். எருசலேம் ஏழைகளுக்குக் காணிக்கை கொண்டுபோன பவுலே, யாரும் குறை சொல்லாதபடி கூட ஆட்களைச் சேர்த்துக்கொண்டுதான் போனார்.

ஏழாம் படி: பணமும் சட்டமும்

சபையின் காணிக்கைக் கணக்கிலிருந்தே இதை நடத்தினால் தலைவலி. நன்கொடையாளருக்கு வருமான வரிக்கழிவு பெற்றுத் தரும் அறக்கட்டளை, வருட வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் மத காரியத்துக்குச் செலவிடக் கூடாது. எனவே தனி அறக்கட்டளை அல்லது ஏற்கெனவே பதிவும் நல்ல பெயரும் உள்ள ஒரு தொண்டு அமைப்பு வழியாகச் செய்வது மேல். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்குக் கழிவே இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், மார்ச் மாதத்து மனஸ்தாபம் மிச்சம்.

அமெரிக்காவில் இருக்கும் மகன் பணம் அனுப்புகிறேன் என்பான். இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்து, வங்கி வழியாகத் தன் சம்பாத்தியத்தை அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடை வாங்கத் தேவையான எஃப்சிஆர்ஏ பதிவு இல்லாத கணக்கில் அதை வாங்கக் கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவுள்ள அமைப்பு வாங்கி உங்களுக்கு மாற்றித் தரவும் முடியாது. "தெரிந்த அமைப்பு ஒன்று இருக்கிறது, அதில் போட்டு எடுத்துக்கலாம்" என்று யார் சொன்னாலும் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

ஐடி கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் சிஎஸ்ஆர் எனப்படும் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி பற்றிப் பேசுவார்கள். அதை வாங்க மத்திய அரசின் சிஎஸ்ஆர்-1 பதிவு வேண்டும், பொதுவாக மூன்று வருட அனுபவமும் கேட்பார்கள். முதல் வருடத்தில் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

எட்டாம் படி: ஜெபமும் உதவியும்

சபை வண்டி ஊருக்குள் வந்தால் மதம் மாற்ற வந்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் வரும். அதை மழுப்பாதீர்கள். நாங்கள் கிறிஸ்தவர்கள், இந்த வேலை ஊர் முழுவதற்கும், ஆராதனைக்கு வந்தாலும் வராவிட்டாலும் ஒரே கணக்கு என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். எந்த ஒரு மதக் கருத்தையும் வளர்க்க உதவியைப் பயன்படுத்தக் கூடாது என்பது 1994-ல் செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு அமைப்புகளும் சேர்ந்து உருவாக்கிய நடத்தை விதிகளில் ஒன்று. ஒப்பந்தத்தில் அதையே ஒரு வரியாகச் சேருங்கள். ஞாயிறு பள்ளி வேறு, மாலை வகுப்பு வேறு, இரண்டும் ஒரே இடத்தில் ஒரே ஆளால் நடக்க வேண்டாம். உள்ளூர்ச் சபையோடு சேர்ந்து ஆராதிப்பதை யாரும் தடுக்கவில்லை, ஊர்க்கூட்டத்தைப் பிரசங்க மேடை ஆக்காமல் இருந்தால் போதும். கோயில் கமிட்டிப் பெரியவர்களையும் போய்ப் பாருங்கள். குடிநீர்த் தொட்டிக்கு இடம் பெரும்பாலும் அவர்கள் சொல்லித்தான் கிடைக்கும்.

பிள்ளைகளின் முகம் தெரியும் படம் எடுத்துப் பரப்பக் கூடாது, தனியறையில் ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு இருக்கக் கூடாது என்று போகும் ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பட்டும். குழந்தைத் திருமணம் நடக்கப்போவதாகக் காதில் விழுந்தால் நீங்களே பஞ்சாயத்து பேசப் போகாதீர்கள், குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்யுங்கள்.

ஒன்பதாம் படி: விலகும் தேதி

வருடம் ஒரு முறை அவர்கள் பெங்களூருக்கு வரட்டும். அன்று அவர்கள்தான் பேச வேண்டும், என்ன சரியாக நடக்கவில்லை என்பதையும் சேர்த்து. நான்காம் வருடத்திலிருந்து சபையின் பங்கைக் குறைத்து ஊரின் பங்கைக் கூட்டுங்கள். வகுப்பு ஆசிரியையின் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பெற்றோர்களோ மகளிர் குழுவோ ஏற்குமா என்று அப்போதே கேட்டுவிட வேண்டும். ஐந்தாம் வருடம் முடிவதற்கு ஆறு மாதம் முன்பு பொருள் பட்டியல் எடுங்கள்: தொட்டி, மேசை, எடை மெஷின், வங்கியில் மீதி. ஒவ்வொன்றுக்கும் நேரே உள்ளூர்க் குழுவின் பெயர் ஏறட்டும். பட்டியலின் ஒரு நகல் ஊராட்சி அலுவலகத்துக்கு, ஒன்று உங்கள் சபைக் கோப்புக்கு. புளி வியாபாரத்துக்கு மட்டும் முடிவுத் தேதி தேவையில்லை.